ஊசி சிவப்பில் நிற்க வேண்டும் என்றவர்

குன்றத்தூரில் என் வீட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஷிப்டு முடிந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளை நிறுத்திச் சொன்னார்: "ஆயா, சேரப்பணஞ்சேரியில உங்க சம்மந்தி பூட்டாராம். தூக்கத்துலயே." முறத்தை அப்படியே தள்ளி வைத்தேன். என் மகளின் மாமனார் திரு. சூசைராஜ் அவர்கள் சத்தமில்லாமல் செய்த ஒரே காரியம் அதுதான்.

கோயிலில் அச்சடிக்கும் இந்த நினைவுத் தாளில் எழுதும்படி என்னைக் கேட்டவர் அவருடைய மனைவி ஞானம்மாள். "நல்லதா எழுத நெறைய பேரு கீறாங்க. நீங்க உள்ளத எழுதுங்க அண்ணி" என்றார். எழுதுகிறேன்.

அவர் மைக் செட் வாடகைக்கு விட்டுப் பெரிய மனிதர் ஆனவர். கல்யாணமோ கட்சிக் கூட்டமோ, பனைமரத்தில் அவருடைய குழாய் ஸ்பீக்கர் ஏறிவிடும். பெண் பார்க்க வந்த அன்று, ஒரு கையில் பஜ்ஜியை வைத்துக்கொண்டு மறு கையால் எங்கள் ரேடியோவின் சத்தத் திருகை முழுதாகத் திருப்பினார். "வூட்ல ரேடியோ வச்சிக்கினு இப்படியா மொனக வுடுவீங்க?" என்றார். கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. மாப்பிள்ளை தகப்பனைப் போல இல்லை என்பதால் பெண்ணைக் கொடுத்தோம்.

பல வருஷம் கழித்து, பர்மா பஜாரிலிருந்து பழைய பதிவுப் பெட்டி ஒன்று வாங்கி வந்தார். போர்டில் 'ரெக்கார்டிங் என்ஜினீயர்' என்று எழுதிக்கொண்டார். எந்தக் காலேஜில் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "அனுபவம், சம்மந்தியம்மா" என்றார். குழாய் கட்டிய அனுபவம்.

மாதா கோயில் திருவிழாவுக்குக் கேசட் போடுவது என்று ஊரார் முடிவு செய்தார்கள். ஒரு பாட்டைப் பாடியவள் எங்கள் பேத்தி ரீட்டா. அந்தக் குரல் என் தாய்வழியில் வந்தது. அவர் வீட்டாருக்குக் கத்தத் தெரியும், அவ்வளவுதான். குரல் தனி, ஆர்மோனியம் தனி, தபேலா தனி என்று பதிந்ததை அளவு பார்த்து ஒரே நாடாவில் கலப்பது சம்பந்தியின் வேலை. அந்த நாடாவை மெட்ராஸில் மாஸ்டர் எடுக்கும் இடத்தில் கொடுத்தால், மெருகேற்றி, அதிலிருந்து கேசட்டுகள் அடிப்பார்கள். கொண்டுபோன அன்று நானும் பஸ் ஏறினேன். அவரை நம்பித் தனியே அனுப்ப நான் என்ன ஏமாளியா?

அங்கே ஒருவர் நாடாவை ஓட்டினார். ஆர்மோனியம் தொடங்கியதுமே சம்பந்தியின் குரல் வந்து இடித்தது: "ஒலி அமைப்பு! அன்னை அமலோற்பவம் சவுண்டு சர்வீஸ்! வீஸ்… வீஸ்… வீஸ்…"

"இவரு யாரு சார்? பாட்டுல வர்றாரா?" என்றார் மாஸ்டர்காரர்.

"நான்தான்" என்றார் சம்பந்தி, நெஞ்சை நிமிர்த்தி.

"அடியில ஒரு பொண்ணு குரல் கேக்குதே?"

"அதான் பாட்டு."

மாஸ்டர்காரர் பெட்டியை நிறுத்தினார். "சத்தம் காட்டுற ஊசி பூரா சிவப்புலயே நிக்குது. கலக்கும்போதே எல்லாத்தையும் உச்சத்துல ஏத்தி, எதிரொலிய வேற ஊத்திட்டீங்க. நாங்க வேலை செய்ய இடமே விடல. பொண்ணோட முதல் வரி உங்க பேச்சுக்குள்ள மாட்டிக்கிச்சு, பிரிக்க முடியாது. திரும்பக் கலந்து வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டாங்க. இல்லன்னா இந்தப் பாட்டு இல்லாமத்தான் கேசட்."

"கொழாய்ல போட்டா வல்லம் வடகால் ஊரு வரைக்கும் கேக்கணும் தம்பி!"

"இது வீட்ல போட்டுக் கேக்குறது சார்."

திரும்பும் பஸ்ஸில் பேச்சு தொடங்கியது.

"புள்ள கொரல் எங்க சம்மந்தி?"

"உள்ள கீது."

"எங்க உள்ள? உங்க வயித்துக்குள்ளயா? உங்க கடை பேர எடுத்துட்டுக் கலக்குங்க."

"பேரு இல்லாம எப்டி? கடை பேரு எங்கம்மா பேரு."

"கேசட் அட்டையில போடுங்க."

"அட்டைய யாரு படிக்கிறான்? நீங்களா?"

"அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன். உங்க பேரப் படிக்க அது போதும்."

கண்டக்டர் சிரித்தார்.

மறுநாள், சுவரெல்லாம் மெத்தை சாத்திய அவருடைய அறையில் போய் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து போகச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. எதிரொலியை எடுத்தார். ஒவ்வொன்றாகக் குறைத்தார். ஊசி சிவப்பைத் தொடாமல் ஆடியதைப் பார்த்து, ஏதோ சொத்து போனதுபோல முகத்தை வைத்துக்கொண்டார். கடைசியில் தன் பேச்சை எடுத்துவிட்டு ஓட்டினார். பாட்டுக்கு முன்னால் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது.

"இன்னா அது? நாடா பூட்ச்சா?"

"மூச்சு. புள்ள பாடறதுக்கு மூச்சு இழுக்குது."

அவரே பதிந்தது. அவர் காதில் அதுவரை விழவில்லை. இன்னொரு முறை ஓட்டினார். பிறகு இன்னொரு முறை.

"இத்த வெட்டிடட்டுமா?" என்றார்.

"வெட்டுனா உங்க வெரல வெட்டுவேன்."

வெட்டவில்லை. வேறு நல்ல காரியம் செய்தாரா என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. வெட்டாமல் விட்டார், அது அவர் கணக்கில் இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை நாடாவை வாங்கிக்கொண்டார்கள். திருவிழாவில் அந்தப் பாட்டைக் குழாயில் போட்டபோது சத்தம் ஏரிக்கரையைக்கூடத் தாண்டவில்லை. "இன்னா சூசை அண்ணே, செட்டு படுத்துக்கிச்சா?" என்று ஒருவன் கேட்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன். திருகில் கை வைத்தவர் திருப்பவில்லை. "கிட்ட வந்து கேளுடா. என் பேத்தி பாடறா" என்றார். 'நம்ம பேத்தி' என்று சொல்ல அப்போதும் வாய் வரவில்லை.

அடக்கத்தன்று குன்றத்தூரிலிருந்து மைக் செட் வரவழைத்திருந்தார்கள். ரீட்டா மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அதே பாட்டைப் பாடினாள். பின்னால் நின்றவர்கள் கேட்பதற்காக நெருங்கி வந்தார்கள். முதல் வரி முழுதாகக் கேட்டது.

சம்பந்தி அவர்களே, இந்த முறை நீங்கள் குறுக்கே பேசவில்லை. மிகவும் நன்றி. போய் வாருங்கள்.