பூஜ்யம், மூன்று, பதினைந்து

அக்கா மகள் காவ்யா நேற்று எங்கள் இண்டூர் வீட்டுக் கட்டிலில் சாய்ந்தபடியே இன்ஜினியரிங் சேர்ந்துவிட்டாள். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஒரு கையில் போன், இன்னொரு கையில் வறுத்த வேர்க்கடலை. எந்தெந்தக் கல்லூரி வேண்டுமென்று முன்பே வரிசைப்படுத்திப் போட்டிருந்தாள். நேற்று இடம் வந்ததும் உறுதி செய்கிற பொத்தானை அமுக்கிவிட்டு, "சித்தி, நீங்க படிச்ச காலேஜே கெடைச்சிருச்சு" என்றாள். நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். பெங்களூர் கம்பெனி எனக்கு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை செய்யும் சலுகையைக் கொடுத்திருக்கிறது. சலுகை என்பது அவர்கள் சொல்வது. மைக்கை அணைத்துவிட்டு "நல்லது கண்ணு" என்றேன். அதற்கு மேல் சந்தோஷப்படத் தெம்பில்லை.

மீட்டிங் முடிந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. இந்த இரண்டு வருஷமாக அவள் இந்த வீட்டில்தான் படித்தாள், ஒரு நாள்கூட அவள் படிக்கிற சத்தத்தை நான் கேட்டதில்லை. காதில் எதையோ மாட்டிக்கொள்வாள், போனில் யாரோ பாடம் நடத்துவார்கள், இவள் கடலை தின்பாள். இப்படிப் படித்தால் எப்படி மண்டையில் ஏறும் என்று நான் உள்ளுக்குள் கறுவியதுண்டு. ஏறியிருக்கிறது.

நாங்கள் படித்த அழகு வேறு. பத்தாவது முடித்ததும் அப்பா என்னைத் தர்மபுரிக்குப் பக்கத்தில் ஒரு தங்கிப் படிக்கிற பள்ளியில் கொண்டுபோய் விட்டார். பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு வருஷம் அதேதான். சாயங்காலம் ஸ்டடி என்றால் மைதானத்து மாமரங்களைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே சத்தமாகப் படிக்க வேண்டும். வாய் அசையாதவள் படிக்கவில்லை என்று அர்த்தம். வார்டன் வந்து நிற்பார். நூறு பெண்கள் ஒரே நேரத்தில் வேதியியலும் உயிரியலும் கத்தினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் வாசனையும் மெஸ் சாம்பார் வாசனையும் கலந்து வரும். இன்றைக்கும் எங்காவது கல்யாண மண்டபத்தில் அந்த மாதிரி சாம்பார் வாசம் அடித்தால் என் வாய் தானாக முணுமுணுக்கத் தொடங்குகிறது.

அம்சவேணி எனக்கு அங்கேதான் கிடைத்தாள். பாப்பாரப்பட்டிப் பெண். இருவரும் ஜோடி சேர்ந்து நடப்போம். ஒரு வரி அவள், அடுத்த வரி நான். புத்தகப் பக்கத்தில் எந்த மூலையில் எந்தச் சொல் இருக்கிறது என்பதுவரை தெரியும். அர்த்தம் கேட்டிருந்தால்தான் திண்டாடியிருப்போம். நல்லவேளை யாரும் கேட்கவில்லை.

மதிப்பெண் வந்து, இருவரும் கலந்தாய்வுக்குச் சென்னை போனோம். அப்போதெல்லாம் நேரில் போக வேண்டும். பெரிய கூடம், குளுகுளுவென்று ஏசி, சுவர் முழுக்கத் திரை, அதில் காலியிடங்கள் கண்ணெதிரே குறைந்துகொண்டே வரும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று கேட்டார். கல்யாணத்துக்குக் கட்டுகிற வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்திருந்த அப்பா, "நல்லா படிக்க வைக்கிற காலேஜா பாத்துப் போடுங்க சார்" என்றார், உரக்கடையில் மூட்டை கேட்கிற மாதிரி. எல்லோரும் வாயைப் பிளக்கிற அந்தப் பெரிய பல்கலைக்கழகத்திலேயே சிவில் கிடைத்தது. அம்சவேணிக்கும் அதே. இரண்டு குடும்பமும் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். இனிமேல் கஷ்டமில்லை என்று அவளுடைய அப்பா சொன்னார். நானும் நம்பினேன்.

ஹாஸ்டலில் முதல் வாரமே எங்கள் சத்தம் பிரச்சினையாகிவிட்டது. அறையிலிருந்த சென்னைப் பெண்கள் மனதுக்குள்ளேயே படித்தார்கள். எனக்கு அது ஏதோ தியானம் மாதிரி இருந்தது. அவர்கள் திட்டவில்லை, சிரித்தார்கள், திட்டியிருந்தால் பரவாயில்லை. நாங்கள் மொட்டைமாடியில் துணி துவைக்கிற கல்லுக்குக் குடிபெயர்ந்தோம். ஈர சோப்பு வாடையில், காய்கிற சுடிதார்களுக்கு நடுவில், கணக்குப் புத்தகத்தை ஒரு வரி அவள், ஒரு வரி நான் என்று ஒப்பித்தோம். ஆமாம், கணக்கைத்தான். முழுக்க இங்கிலீஷில்.

அதில் ஒரு கணக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பது எண்களை மூன்று வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அதிலிருந்து மூன்று எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். பெயர் ஐகன் வேல்யூ. உங்களுக்கு அவ்வளவு தெரிந்தால் போதும், அன்று எனக்கும் அவ்வளவுதான் தெரியும். புத்தகத்தில் இருந்த கணக்குக்கு விடை பூஜ்யம், மூன்று, பதினைந்து.

முதல் தேர்வில் அதே கணக்கு வந்தது. பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவ்வளவு ஆனந்தம். மடமடவென்று இரண்டு பக்கம் எழுதினேன். கேள்வித்தாளில் முதல் எண்ணான எட்டை ஆறாக மாற்றியிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியவேயில்லை. அம்சவேணிக்கும் தெரியவில்லை.

நான்கு நாள் கழித்துக் கணக்கு மேடம் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். நடுத்தர வயது, எப்போதும் தலைவலியோடு இருப்பவர் போன்ற முகம். மேசையில் இரண்டு விடைத்தாள்கள். வரிக்கு வரி ஒரே மாதிரி, தப்பும் ஒரே மாதிரி. யார் யாரைப் பார்த்து எழுதியது என்று கேட்டார். முதல் பெஞ்சில் அவள் உட்கார்ந்தாள், கடைசியில் நான், அதைச் சொன்னேன். பாத்ரூம் போகிற சாக்கில் சீட்டு கைமாறியிருக்கலாம் என்றார். மால்பிராக்டிஸ் என்று மேலே எழுதி அனுப்பினால் செமஸ்டரே போய்விடும் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். மரத்தடியும் கட்டுச்சோறும் அப்பாவின் வேட்டியும் கண் முன்னால் வந்து நின்றன.

அம்சவேணிதான் வாயைத் திறந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "லெட் ஏ பீ தி கிவன் மேட்ரிக்ஸ்" என்று ஆரம்பித்தாள். அடுத்த வரி என் வாயிலிருந்து தானாக வந்தது. பிறகு அவள். பிறகு நான். முந்தைய பக்கத்தைப் பார்க்கவும் என்று புத்தகம் சொல்கிற இடத்தில் அதையும் சொன்னோம். மேடம் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். பூஜ்யம், மூன்று, பதினைந்து என்று இருவரும் சேர்ந்து முடித்தோம். எனக்குச் சின்னதாக ஒரு பெருமைகூட இருந்தது. நூற்றுக்கு நூறு என்று சொல்லி அனுப்புவார் என்று நினைத்தேனோ என்னவோ.

அவர் புத்தகத்தை மூடி அலமாரியில் திரும்ப வைத்தார். "காப்பி அடிச்சிருந்தாக்கூடப் பரவாயில்லம்மா. ரெண்டு பேர்ல ஒருத்திக்காவது தெரிஞ்சிருக்கும்னு நெனச்சிருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. மேலே எழுதி அனுப்பவும் இல்லை. இரண்டு தாளிலும் பூஜ்யம் போட்டுக் கொடுத்தார். செமஸ்டர் தப்பித்தது.

துணி துவைக்கிற கல்லில் வந்து உட்கார்ந்ததும் அம்சவேணி அழுதாள். "எனக்கு மனப்பாடம்தான் புள்ள தெரியும். இது படிப்பே இல்லன்னா, ரெண்டு வருசம் என்னத்துக்கு அப்படிக் கத்த வெச்சாங்க?" என்று கேட்டாள்.

அதன் பிறகு நான் வாயை மூடிக்கொண்டு படிக்கப் பழகினேன். எண்களை நானே மாற்றிப் போட்டுப் பார்ப்பேன். பத்துக்கு இரண்டு வரும். அரியர் விழுந்தது, எழுதினேன், மறுபடி விழுந்தது, மறுபடி எழுதினேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. மாடு செக்கைச் சுற்றுகிற மாதிரி சுற்றி எப்படியோ வெளியே வந்துவிட்டேன். படித்த சிவிலுக்கும் பார்க்கிற சாஃப்ட்வேர் வேலைக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. அம்சவேணி முதல் வருஷ ரிசல்ட்டோடு ஊருக்குப் போய்விட்டாள். அவளுடைய அப்பா வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது, உடம்பு சரியில்லாத பிள்ளையைக் கூட்டிப்போகிற மாதிரி அவள் தோளில் கை வைத்திருந்தார். எனக்குத் துக்கமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

இப்போது பாப்பாரப்பட்டியில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறாள். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை பேசிக்கொள்வோம். நேற்று காவ்யா மறுபடி காதில் மாட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். வீடு கம்மென்று இருந்தது. அந்தக் கணக்கைச் சொல்லிப் பார்க்கலாமென்று எனக்குத் தோன்றியது. "லெட் ஏ பீ தி கிவன் மேட்ரிக்ஸ்" என்றேன். அடுத்த வரி வரவில்லை. அது அவள் வரியா என் வரியா என்றும் தெரியவில்லை. போன் போட்டேன். கடையில் கூட்டம் போல, தராசு சத்தம் கேட்டது. காவ்யாவுக்கு இடம் கிடைத்ததைச் சொன்னேன், சந்தோஷப்பட்டாள். பிறகு, அந்தக் கணக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள். "விடை மட்டுந்தான் புள்ள இருக்குது. பூஜ்யம், மூணு, பதினஞ்சு. நடுவுல இருந்ததெல்லாம் போயிருச்சு. நான்தான் பாதியிலயே வந்துட்டனே, உனக்கு இருக்கும், நீ சொல்லு."

நான்கு வருஷமும் இருந்து முடித்தவள் நான். என்னிடமும் அவ்வளவுதான் இருந்தது.