மேற்குச் சுவரில் பச்சைப் புழு

இதை எழுதாமலே விட்டிருப்பேன். புழுவை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது. சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் தட்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுத் தறி மேற்குச் சுவரை ஒட்டி இருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் வெயில் மொத்தமும் அந்தச் சுவரில்தான். அறை காய்ந்தால் பட்டு இழை பொட்டுப் பொட்டென்று அறும். அதற்கு அம்மா செய்த வைத்தியம் கோவைக்கொடி. கயிறு கட்டி ஏற்றிவிட்டாள். நான் மூன்றாவது படிக்கும்போது அது ஓடு வரைக்கும் ஏறி, சுவரே தெரியாமல் மூடியிருந்தது. உள்ளே பானைத் தண்ணீர் மாதிரி குளிர்ச்சி.

வெளியேதான் அசிங்கம். இலைக்கு இலை பச்சைப் புழு. தொட்டால் வழவழவென்று நெளிந்து, பச்சையாகக் கக்கும். அதன் கழிவு கடுகு கடுகாக ஜன்னலில் கொட்டிக் கிடக்கும். நத்தை இழுத்துப் போன சளிக்கோடு, அழுகிய கோவைப்பழத்தில் ஈ, மழை பெய்தால் ஊறிய கோணியின் நாற்றம். பள்ளிவிட்டு வந்ததும் புழு பொறுக்குவது எனக்கும் பக்கத்து வீட்டு டில்லிபாபுவுக்கும் வேலை. தென்னங்குச்சியால் தள்ளி டப்பாவில் போடுவோம். அவன் அசந்தால் ஒன்றை அவன் சட்டைக்குள் விடுவேன். அவன் ஆடுகிற ஆட்டத்துக்குக் கோயில் மேளம் பத்தாது.

"உவ்வே, எனக்கு வாணாம்மா" என்றால், அம்மா தறிக்குழியிலிருந்தே கத்துவாள்: "புழு கக்குன நூலுலதான்டா நீ சோறு துன்ற! அதப் பாத்தா மூஞ்ச சுளிக்கிற?"

ஒரு முகூர்த்த மாசம், தறியில் சந்தனக் கலர் கல்யாணச் சேலை. ஜன்னல் வழியாக இறங்கிய புழு ஒன்று நெய்த துணியில் உட்கார்ந்திருக்கிறது; கவனிக்காமல் அப்பா துணியை உருளையில் சுற்றிவிட்டார். பிரித்தபோது மடிப்புக்கு மடிப்பு பச்சைக் கறை, நடுவில் நசுங்கிய தோல். அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு போய்க் கொடியை அடியோடு வெட்டினார். "வெட்டிக்கோ. வெயில்ல வேவுறது நான்தான?" என்றாள் அம்மா.

அப்பா இப்போது இல்லை. அம்மா இன்னும் அதே சுவரோரம், தலையில் ஈரத்துண்டோடு நெய்கிறாள். போன மாசம் தறிக்குழியிலேயே மயங்கிச் சாய்ந்தாள்.

பயந்துபோன நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். பெரிய பட்டுக்கடைச் சுவரில் இருக்கிறதே பிளாஸ்டிக் இலை, புழு வராத பச்சை, அதை வாங்கி வந்து மேற்குச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன்.

அம்மா பார்த்தாள். "இன்னாடா இது, செவுத்துக்கு சவுரி வெச்சிக்கினு இருக்குற?"

சவுரி கொஞ்ச நாளில் புழுதி பிடித்தது. வெயில் ஏறினால் செருப்பு கருகுகிற நாற்றம். சுவர் தோசைக்கல்லாகவே இருந்தது. நேற்று பிய்த்தேன், பின்னாலிருந்து கரப்பான்கள் கையில் ஏறின. சீ! அந்தப் புழுவே தேவலாம்.

கோவைத்தண்டு கேட்டு வீதி முழுக்க அலைந்தேன். ஒரு காலத்தில் வேலிக்கு வேலி கிடந்த சனியன், இன்றைக்கு ஒரு வீட்டிலும் இல்லை. எல்லாச் சுவரும் மொட்டை. கடைசியில் தென்னேரி ஏரிக்கரையில் ஒடித்து வந்து இன்று காலை நட்டேன்.

ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வேலை பார்க்கும் டில்லிபாபுவுக்குச் செய்தி அனுப்பினேன்: "கோவ நட்டுட்டேன்டா. புழு பொறுக்க ஆள் வோணும்."

பதில் உடனே வந்தது: "வரேன்டா, ஆனா இந்த வாட்டி சட்டைக்குள்ள வுடுறது நானு."