இறைப்பு முறையை விட்டுக்கொடுத்த சிவநேசன்

1. ஒரு விசித்திர முறைப்பாடு

"மிஸ், உவன் சிவநேசன் இப்ப சண்டை பிடிக்கிறானில்லை. எனக்குப் பயமாக் கிடக்கு."

வலிகாமத்துக் கிராமங்களில் இருபத்தெட்டு வருடம் விவசாயப் போதனாசிரியராக இருந்தவள் நான். எல்லை முறைப்பாடு, மாடு முறைப்பாடு, மானியம் வரவில்லை என்ற முறைப்பாடு எல்லாம் கேட்டுக் காது புளித்துப்போனது. பக்கத்துத் தோட்டக்காரர் சண்டை பிடிக்கவில்லை என்று ஒருவர் அலுவலகப் படியேறி வந்தது அதுதான் முதல் தடவை.

வந்தவர் கணேசண்ணை. அறுபது தாண்டிய கமக்காரர். அவரும் சிவநேசனும் இன்னும் இரண்டு பேரும் ஒரே பங்குக் கிணற்றில் இறைக்கிறவர்கள். நான்கு நாளுக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் இறைப்பு முறை வரும்.

புதிதாகச் சேவைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆறு கிடையாது. கிணறுதான் எல்லாம். முறை தவறினால் வெங்காயம் வாடிவிடும். வேலியில் ஒரு முழம் விட்டுக்கொடுக்கிற மனிதரும் முறையை விட்டுக்கொடுக்க மாட்டார். அதிலும் சிவநேசன் மணிக்கூட்டோடு கிணற்றடியில் நிற்கிற ஆள். மற்றவர் பத்து நிமிடம் கூட இறைத்துவிட்டால் அவர் போடும் சத்தம் றோட்டுக்குக் கேட்கும். மூன்று தடவை நானே போய் நடுவில் நின்று சமாதானம் பேசியிருக்கிறேன். மூன்று தடவையும் இரண்டு பக்கமும் எனக்குத்தான் ஏச்சு விழுந்தது.

அப்படிப்பட்டவர் இரண்டு கிழமைக்கு முன் தன் முறையைக் கணேசண்ணைக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். "நீங்கள் இறையுங்கோ அண்ணை, எனக்கு அவசரமில்லை" என்றாராம். ஊரே, ஆள் திருந்திவிட்டார் என்று சொன்னது. எனக்கோ சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. மாதாந்தக் கூட்டத்தில் 'கிணற்றுப் பிணக்குத் தீர்ந்தது' என்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி, "வெரி குட் மிஸ், மற்றவையும் உங்களைப் பாத்துப் படிக்கவேணும்" என்றார். அன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் என் செலவில் ரோல்ஸும் பிளேன் ரீயும். மடைச்சி, வேறென்ன சொல்ல!

அந்த நினைப்பில்தான் கணேசண்ணையிடமும் கேட்டேன்.

"என்ன கணேசண்ணை, சண்டை பிடிச்சாலும் பிழை, பிடிக்காட்டியும் பிழையோ?"

அவர் சிரிக்கவில்லை. "நேற்று விதை வெங்காயத்தையும் கொண்டுவந்து தந்திட்டான் மிஸ். ஒரு பிடி மிச்சம் வைக்கேல்லை. 'நீங்கள் நடுங்கோ, வீணாப் போகக்கூடாது' எண்டான்."

எழுதிக்கொண்டிருந்த படிவத்தை மூடிவிட்டு எழும்பினேன். விதை வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டி வீட்டுக் கூரை வளையில் தொங்கவிட்டிருப்பார்கள். வீட்டில் கலியாணம் வந்தாலும் வருத்தம் வந்தாலும் அதில் கை வைக்க மாட்டார்கள். அதையும் கொடுத்துவிட்ட ஒருவர், அடுத்த போகத்தில் தான் இருக்கப்போவதில்லை என்று நினைத்துவிட்டாரோ என்று எனக்குப் பட்டது.

2. கேட்கப் பயந்த கேள்வி

நான் ஸ்கூட்டியில் போனேன். கணேசண்ணை சைக்கிளில் பின்னால் வந்தார். நடு மத்தியானம், கொளுத்தும் வெயில்.

சிவநேசனின் மனைவி மலர் கதிரை எடுத்துப் போட்டாள். "ஆள் இப்ப நல்ல சாந்தம் மிஸ். பிள்ளையளுக்குக்கூட ஏசுறேல்லை. ஆனா சாப்பாடுதான் இறங்குதில்லை, நித்திரையும் இல்லை."

சிவநேசன் விறாந்தையில் கையை மடியில் வைத்தபடி இருந்தார். இரண்டு போகமாகத் திருகல் நோய் வந்து அவருடைய வெங்காயம் முழுவதும் சுருண்டு அழிந்திருந்தது. எனக்குத் தெரிந்தது பயிர்க் கதைதானே, அதையே தொடங்கினேன். பாத்தியை உயர்த்துங்கள், விதையை மருந்தில் நனைத்து நடுங்கள் என்றேன். எல்லாவற்றுக்கும் "ஓம் மிஸ், ஓம் மிஸ்" என்றார். அவரைத் தெரிந்த பன்னிரண்டு வருடத்தில் நான் சொன்ன ஒன்றையாவது அவர் எதிர்த்துக் கதைக்காமல் ஏற்றதில்லை. அந்த 'ஓம்' கேட்டுத்தான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது.

சில மாதங்களுக்கு முன் ஒரு வைத்தியர் எங்களுக்குத் தற்கொலைத் தடுப்பு பற்றி ஒருநாள் செயலமர்வு நடத்தியிருந்தார். பாதி நேரம் நான் தூங்கி விழுந்தேன். ஒன்று மட்டும் மனதில் நின்றது: சந்தேகம் வந்தால் நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

"சிவநேசன், ஒளிக்காமல் சொல்லுங்கோ. உயிரை விடுவம் எண்டு யோசிக்கிறியளோ?"

"ஐயோ, என்ன கதை மிஸ் கதைக்கிறியள்!" என்று மலர் கத்தினாள்.

சிவநேசன் நிலத்தைப் பார்த்தபடியே, "ஓம் மிஸ்" என்றார். "ரெண்டு மாசமா. ஒருத்தரும் கேக்கேல்லை." அதைச் சொல்லிவிட்டு மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். மலர் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

 நான் குரலைத் தாழ்த்தாமல் சொன்னேன். "சொன்னது நல்லதாப் போச்சு. இனி உங்களைத் தனிய விடமாட்டம். வெளிக்கிடுங்கோ, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"மெண்டல் கிளினிக்குக்கோ? ஊர் என்னை விசரன் எண்டும் மிஸ். நாளைக்கு என்ரை பிள்ளையை ஆர் கட்டுவினம்?"

அதுவரை தூணோடு நின்ற கணேசண்ணை சேர்ட்டுப் பையிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். அதற்குள் மடித்து வைத்திருந்த கிளினிக் கொப்பியைச் சிவநேசனின் மடியில் போட்டார்.

"அப்ப நான் ஆரடாப்பா? மனுசி போனாப் பிறகு நானும் உப்பிடித்தான் கிடந்தனான். மூண்டு வருசமா மாசம் ஒருக்காப் போறன். சுன்னாகம் சந்தைக்கெண்டு சொல்லிப்போட்டுப் போறது உங்கைதான். உந்த விசரனோடையோ நீ இவ்வளவு நாளும் கிணத்தடியிலை மல்லுக்கு நிண்டனி?"

சிவநேசன் கொப்பியைத் திறந்தார். பெயரைப் பார்த்தார், திகதிகளைப் பார்த்தார். அழுகைக்கு நடுவே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மலர், என்ரை சேர்ட்டை எடு" என்றார்.

அன்றைக்கு அந்தக் கொப்பி இல்லாவிட்டால் நான் எவ்வளவு கதைத்தும் ஆளை எழுப்பியிருக்க முடியாது. ஊருக்கு மூன்று வருடம் மறைத்ததைக் கணேசண்ணை ஒரு நிமிடத்தில் போட்டுடைத்தாரே, அதுதான் மனிதத்தன்மை.

3. பிறகு நடந்தவை

சிவநேசனை வார்ட்டில் பத்து நாள் வைத்திருந்தார்கள். பூச்சி மருந்து வைத்திருந்த தோட்டக் கொட்டிலைப் பூட்டித் திறப்பை மலர் அன்றே கணேசண்ணையிடம் கொடுத்துவிட்டாள். கணேசண்ணை அந்த விதை வெங்காயத்தைத் தன் காணியில் நடவில்லை. ஆள் பிடித்துச் சிவநேசனின் தோட்டத் தரையில் நட்டு, அவருடைய முறையில் தண்ணீரும் இறைத்தார்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். இரண்டாம் மாதம் சிவநேசன், "எனக்கு இப்ப சுகம்" என்று மருந்துக் குளிசையை நிறுத்திவிட்டார். மறுபடியும் நித்திரை போய்விட்டது. மலர் எனக்கு அழைப்பெடுத்தாள், நான் வாய்க்கு வந்தபடி ஏசிக் கூட்டிக்கொண்டு போனேன். பூச்சிக்கு மருந்தடித்தால் மூன்றாம் நாள் பலன் தெரியும். இது அந்த மாதிரி வேலை இல்லை. பொறுமை வேண்டும், திரும்பத் திரும்பப் போகவேண்டும்.

இப்படி ஒருவர் உடைந்துபோனால், கடன்தான் காரணம் என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். கடன் ஒரு சதமும் இல்லாதவருக்கும் இது வருவதைப் பார்த்துவிட்டேன். ஆதலால் தோட்டத்துக்குப் போனால் இலையைத் திருப்பிப் பார்க்க முன் ஆளின் முகத்தைப் பாருங்கள். வாயாடி அமைதியானால், பிடிவாதக்காரர் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தால், என்னைப்போல ரோல்ஸ் வாங்கிக் கொடுக்காதீர்கள். போய்க் கேளுங்கள். பிறகு ஆஸ்பத்திரிவரை கூடப் போங்கள்.

அடுத்த வருடம் கமக்காரர் கூட்டத்தில் பத்து நிமிடம் கேட்டு வாங்கினேன். "ஆருக்காவது தொடர்ந்து நித்திரை இல்லையெண்டால், மனம் சரியில்லையெண்டால் என்னோடை கதையுங்கோ" என்றேன்.  பின்வரிசையிலிருந்து ஒருவர், "வெங்காய விலையைக் கேட்டா ஆருக்கு மிஸ் நித்திரை வரும்?" என்று பகிடி விட, எல்லோரும் சிரித்தார்கள்.

சிவநேசன் எழும்பினார். "நான் செவ்வாய்க்கிழமையிலை மன வருத்தத்துக்கு மருந்தெடுக்கப் போறனான். போகாட்டி இண்டைக்கு உங்களுக்கு முன்னாலை நிண்டிருக்க மாட்டன். வாற கிழமை லான்ட்மாஸ்டர் உழவு மிசினைக் கொண்டுபோறன், பின் பெட்டியிலை இடமிருக்கு. காலமை ஏழு மணிக்குச் சந்தியிலை நிப்பன்" என்று சொல்லிவிட்டு இருந்தார். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நானும் சந்திக்குப் போனேன். ஒரு குஞ்சும் வராது, சிவநேசன் மனம் நொந்துபோவார் என்ற பயத்தில்தான் போனேன். ஐந்து பேர் வந்தார்கள். பகிடி விட்டவரும் வந்தார். ஐந்து பேரின் தோட்டத்துக்கும் பத்து வருடத்துக்கு மேலாகப் போய்வந்தவள் நான். யாருடைய மண்ணில் என்ன சத்துக் குறைவு என்று கொப்பி பார்க்காமலே சொல்லுவேன். அவர்களில் ஒருவரிடமாவது, "நீங்கள் எப்படி இருக்கிறியள்?" என்று பதிலுக்குக் காத்து நின்று கேட்டதில்லை.