கண்ணை மூடிக்கொண்டு போட்ட கையெழுத்து

சேதி வந்தபோது நான் வாடிப்பட்டியில் பஸ் ஏறி, உட்கார இடம் கிடைத்த நிம்மதியில் இருந்தேன். ஒச்சப்பன் சார்தான் போனில் கூப்பிட்டார். "செல்வி, மலரு போயிருச்சும்மா" என்றார். "எங்க சார் போயிருச்சு?" என்று கேட்டேன். அவர் அழுதுகொண்டேதான் சொன்னார். திருநகர் வாடகை வீட்டில் காலையில் வாசல் தெளிக்க வந்த யோகமலர் அக்கா படியிலேயே விழுந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியும் உயிர் தங்கவில்லை. கண்டக்டர் வந்து நின்றார். நான் வழக்கம்போல ஆபீசுக்கு டிக்கெட் வாங்கினேன். ஆபீசில் இறங்கி, படியேறி, பூட்டிக் கிடந்த கதவைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அவரைத் தெரிந்தவர்கள்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மதுரை தல்லாகுளத்தில் ஒச்சப்பன் சார் நடத்தும் கட்டட வடிவமைப்பு ஆபீசில் நாங்கள் மூன்றே பேர். தூண் எவ்வளவு கனம், கம்பி எத்தனை என்று கணக்குப் போடுவது மலரக்கா. அதைக் கம்ப்யூட்டரில் படமாக வரைவது நான். கையெழுத்துப் போடுவது சார். அக்கா சின்னப் பிள்ளையாக, அப்பா அம்மாவையும் தம்பியையும் யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு, உறவுக்காரர்களோடு அகதியாகப் படகில் வந்தவர். இங்கேதான் படித்தார், இங்கேதான் பட்டம் வாங்கினார். இந்த நாட்டுக் குடியுரிமை கிடையாது என்பதால் வரைபடத்தில் கையெழுத்துப் போடும் உரிமம் கேட்டுப் போகவே இல்லை. பேச்செல்லாம் மதுரைப் பேச்சாகிவிட்டது. பயமோ கோபமோ வந்தால் மட்டும் யாழ்ப்பாணம் வெளியே வந்துவிடும்.

சேதி வந்த அன்று மத்தியானம் யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய தம்பி போனில் பேசினார். அந்த ஊர்ப் பேப்பரில் மரண அறிவித்தல் கொடுக்க வேண்டுமாம். "அக்கான்ர பேருக்கு முன்னால பொறியியலாளர் எண்டு போடலாமோ?" என்று கேட்டார். நான் பேசிக்கொண்டிருந்த ஆபீஸ் ஜன்னலுக்குக் கீழேயே, அந்தத் தெருக்காரர்கள் அதற்குள் ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் கொட்டை எழுத்தில் 'பொறியாளர் யோகமலர்' என்று இருந்தது. இங்கே அந்தச் சொல்லைப் போட யாரும் யாரையும் கேட்பதில்லை. அங்கே கேட்பார்கள். "போடாதீங்க தம்பி. போட்டா அக்காவுக்குப் பிடிக்காது" என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரியா என்று இன்றுவரை உறுத்துகிறது.

இந்த இரண்டு நாட்டுக் கதையை அக்கா எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். இங்கே பட்டம் வாங்கிவிட்டால் ஆள் பொறியாளர். வீட்டு வாசலில் பலகை மாட்டிக்கொள்ளலாம், கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொள்ளலாம். ஊருக்கு ஊர் வரைபட அனுமதிக்கு ஓர் உரிமம் உண்டு, அவ்வளவுதான். அங்கே அப்படி இல்லை. பட்டத்துக்குப் பிறகு, ஏற்கெனவே உரிமம் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் வருடக்கணக்கில் வேலை பார்க்க வேண்டும். பிறகு ஒரு குழு உட்கார வைத்துக் குடைந்து எடுக்கும். அதில் தேறிப் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லைப் போடலாம்.

எனக்கு இதைக் கேட்டாலே ஆத்திரம் வரும். "எங்க ஊருல கட்டடமெல்லாம் நிக்கலையாக்கா?" என்று சண்டைக்குப் போவேன்.

"நிக்குது. ஏன் நிக்குது எண்டு ஆருக்குத் தெரியும்?" என்பார்.

சண்டை போட்டாலும், அவருக்கு அந்தப் பதிவு எதற்கு என்று எனக்குத் தெரியும். தம்பி கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் அகதியாகப் பதிந்தவர் ஒரு தடவை கிளம்பினால் கிளம்பியதுதான், திரும்பி வர முடியாது. "படகுல வந்தது ஒண்டுமில்லாமத்தான். போறது பொறியியலாளரா போவன். அதுக்கு முன்னால போகமாட்டன்" என்று சொல்லிவிட்டு மறுபடி கணக்குக்குள் குனிந்துகொள்வார். அப்பா அம்மாவின் சமாதியைக்கூட அவர் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தார்.

அந்தப் பதிவுக்கு இங்கிருந்தே விண்ணப்பம் போட்டார். இங்கே வாங்கிய பட்டத்தை ஒரு வழியாக ஒத்துக்கொண்டார்கள். வேலை பார்த்த வருடங்களை ஒத்துக்கொள்வதற்கு முன், கம்ப்யூட்டர் வழியாகவே நேர்காணல். குழுவில் ஒருவர் தமிழர். அக்கா அன்று கட்டியிருந்த நீலச் சேலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கேட்டதற்கெல்லாம் பிசிறில்லாமல் பதில் சொன்னார். கடைசியில், மேற்பார்வையாளரிடம் ஒரு கேள்வி என்றார்கள். ஒச்சப்பன் சார் இதற்காகவே சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இவருடைய கணக்குகளை நீங்கள் எப்படிச் சரிபார்ப்பீர்கள்?" என்று அந்தத் தமிழர் கேட்டார்.

சார் சிரித்தார். "மலரு கணக்கையா? அதைச் சரிபாக்க நான் யாருங்க? அது போட்டா போட்டதுதான். நான் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுவேன்ங்க. இம்புட்டு வருசத்துல ஒருநாள்கூடத் திருப்பிப் பாத்ததில்ல."

எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பற்றி இதைவிடப் பெரிய வார்த்தை சொல்ல முடியுமா? பெற்ற மகளைப் பற்றிக்கூட சார் இப்படிப் பேசியதில்லை. நான் பூரித்துப் போய் அக்காவைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் பார்த்திருக்கவே கூடாது. திரையில் மூன்று பேரும் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்கள். பிறகு, "நன்றி ஐயா" என்று முடித்துக்கொண்டார்கள். சார் அதே உற்சாகத்தில் எங்களுக்கெல்லாம் ஜிகர்தண்டா வாங்கி வரச் சொன்னார்.

முடிவு வந்தது. யாருமே சரிபார்க்காத வேலை மேற்பார்வையில் செய்த வேலை ஆகாது, அந்த வருடங்கள் எதுவும் சேராது. அன்றிலிருந்து மேற்பார்வையோடு செய்து காட்டிவிட்டு மறுபடி வரலாம் என்றார்கள். சாருக்கு விளங்கவே இல்லை. "நான் என்னத்தம்மா குறைச்சலாச் சொல்லிப்புட்டேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு வந்த கோபத்தில், "நீங்க வாயைத் தொறக்காமயே இருந்திருக்கலாம் சார்!" என்று கத்திவிட்டேன். அக்காதான் என் கையைப் பிடித்தார். "சார் பொய் சொல்லேல்லையே செல்வி. நீ ஏன் கத்துறாய்?"

அதற்குப் பிறகு அவர் கேட்டதுதான் எங்கள் ஆபீசையே புரட்டிப் போட்டது. இனிமேல் தன் கணக்கு ஒவ்வொன்றையும் சார் உட்கார்ந்து முழுசாகப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் கையெழுத்து. சார் துடித்துப் போனார். "உன்னையச் சந்தேகப்படச் சொல்றியா மலரு? அந்தப் பாவத்தை நான் பண்ணமாட்டேன்" என்றார். அவருடைய கண்களில் நிஜமாகவே தண்ணீர். அக்கா விடவில்லை. "சந்தேகப்படுறதுதான் சார் மரியாதை. அங்க அப்பிடித்தான்" என்றார். மனசில்லாமல் சிவப்புப் பேனாவை எடுத்தார் சார்.

கொஞ்ச நாளில் ஒரு பிழை அகப்பட்டது. ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடம். மொட்டை மாடியில் இரண்டு தண்ணீர்த் தொட்டி வேண்டும் என்று சொந்தக்காரர் கேட்டிருந்தார். அக்காவின் கணக்கில் ஒரு தொட்டியின் பாரம்தான் இருந்தது. அஸ்திவாரமே தோண்டவில்லை, தாளில் திருத்தினால் தீர்ந்தது. சாருக்கு உள்ளுக்குள் பெருமைதான், தான் கண்டுபிடித்துவிட்டோமே என்று. "விடு மலரு, யாருக்குத்தான் தப்பு வராது" என்றார்.

அக்கா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப முந்திக் கட்டினதெல்லாம்?" என்றார்.

ஐயோ, அந்தக் கேள்வி! அன்றோடு அக்காவின் தூக்கம் போய்விட்டது. இந்த ஊரில் அவர் கணக்குப் போட்ட பள்ளிக்கூடம் இருக்கிறது, கல்யாண மண்டபம் இருக்கிறது, ஜவுளிக்கடை இருக்கிறது. எதையும் இரண்டாவது ஆள் பார்த்ததில்லை. சாயந்திரம் ஆனால் பழைய கணக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து சார் முன்னால் வைப்பார். ஞாயிற்றுக்கிழமை என் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு அந்தந்தக் கட்டடத்தையே பார்க்கப் போவார். உள்ளே போவார், தூணில் உள்ளங்கையை வைப்பார், மேலே அண்ணாந்து பார்ப்பார். விரிசல் இருக்காது. அவர் முகம் தெளியாது. "விழேல்லை எண்டுறது ஒரு பதிலில்லை செல்வி" என்பார்.

ஒரு தடவை நல்ல முகூர்த்த நாளில் ஒரு மண்டபத்துக்குப் போய்விட்டோம். மாடியில் பந்தி நடக்கிறது, கீழே சந்தனம் கொடுக்கிறவர் எங்களை மறித்து, "பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடாக்கா?" என்று கேட்டார். "நாங்க கட்டடத்து வீடுண்ணே" என்றேன். அவர் சிரித்துவிட்டு, இரண்டு பேரையும் பந்தியில் உட்கார வைத்துவிட்டார். நான் நன்றாகச் சாப்பிட்டேன். அக்கா இலையில் கை வைக்கவில்லை. பக்கத்தில் பிள்ளைகள் குதித்துக் குதித்து ஓடிக்கொண்டிருந்தார்கள், மேளத்துக்கு நாலு பேர் ஆட்டம் போட்டார்கள். அக்கா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு சனம் வரும் எண்டு நினைச்சு நான் கணக்குப் போட்டனானோ?" என்று கேட்டார். இறங்கி வந்து ஸ்கூட்டியில் ஏறும்வரை என் முழங்கையை விடவே இல்லை. அந்த மண்டபத்துக் கணக்கு மறுநாள் சரியாகத்தான் வந்தது. இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் மாடியில் இருந்து அக்கா எட்டிப் பார்க்கிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது. வேறு ரோட்டில் போய்விடுகிறேன்.

ஒன்றொன்றாகப் பழைய கணக்குகள் சரி என்று வந்தன. மேற்பார்வை வருடங்களும் ஏறிக்கொண்டே வந்தன. இன்னும் சில மாதம்தான், மறுபடி குழு முன்னால் உட்காரலாம். அக்கா தம்பியிடம் அங்கே உள்ள வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருந்தார். அதற்குள் வாசற்படியில் விழுந்துவிட்டார். எனக்குச் சாமி மேல்கூடக் கோபம்தான். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கக் கூடாதா?

காரியமெல்லாம் முடிந்த பிறகு சார் பழைய கணக்குகளை எடுத்துப் பார்த்திருக்கிறார். ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அது வாடிப்பட்டியில் உள்ள என் வீடு. அக்கா எனக்காகப் போட்டுக் கொடுத்தது. "உங்கட வீட்டைப் பிறகு பாப்பம்" என்று ஒவ்வொரு தடவையும் ஒத்திப் போட்டுக்கொண்டே இருந்தார். நானும் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. ஊர்க் கட்டடத்துக்கெல்லாம் பயந்தவர், இதைத் தொடவே பயந்திருக்கிறார். அது தெரிந்த பிறகு எனக்கு வீட்டுக்குள் இருப்புக்கொள்ளவில்லை. சமைக்கும்போதும் அண்ணாந்து பார்க்கிறேன், பிள்ளைகள் படிக்கும்போதும் அண்ணாந்து பார்க்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சார் தாள்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். மேசையில் பரப்பிவிட்டு என்னைப் பார்த்தார். "பாக்கணுமாம்மா? நல்லாத்தானே நிக்கிது. மலரு போட்டது. அப்படியே விட்டுருவமா?"

விட்டுவிடலாம் என்றுதான் வாய்வரை வந்தது. செத்துப்போன மனுசியைச் சந்தேகப்படுவதா என்று தோன்றியது. "பாருங்க சார். என் முன்னாடியே பாருங்க" என்றேன்.

காப்பி ஆறிப் போனது. சார் தலை நிமிரவே இல்லை. தூண்கள் சரி, அஸ்திவாரம் சரி, கூடத்துத் தளம் சரி. உள்ளறைக்கு வந்ததும் பேனா நின்றது. இரண்டாவது தடவை போட்டுப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இங்க மலரு ஒரு தப்புப் பண்ணியிருக்கே" என்றார்.

"என்ன சார்?"

"இம்புட்டுக் கம்பி இந்த அறைக்குத் தேவையே இல்லையேம்மா. பாதி போதும். கணக்குலயும் பாதிதான் வருது. அதை அடிச்சுட்டுக் கையால கூட்டி எழுதியிருக்கு. மலரு இப்படிப் பண்ற ஆளே இல்லையே!"

அது என் பிள்ளைகள் படுக்கிற அறை. வீடு கட்டும்போது கைக்குழந்தைகள். கம்பிக்கடையே எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அக்காவை நான் கேலி பேசியிருக்கிறேன். அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

சார் பேனாவை மூடப் போனார். "எழுதுங்க சார்" என்றேன். "தப்புன்னா தப்புன்னே எழுதுங்க. அக்கா அதைத்தான கேட்டுச்சு." அவர் சிவப்பில் 'தேவைக்கு அதிகம்' என்று எழுதி, சரிபார்த்தவர் என்ற கட்டத்தில், இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டு கையெழுத்துப் போட்டார்.

யோகமலர் அக்காவின் பெயர் எந்த நாட்டுப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அவருடைய மற்ற கணக்குகளை எல்லாம் சார் வைத்துக்கொள்ளட்டும். என் பிள்ளைகள் தலைக்கு மேலே, எந்தக் கணக்கும் கேட்காத அந்தப் பாதிக் கம்பிகளை நான் வைத்துக்கொள்கிறேன்.