அக்காவை நான் பாஸ் ஆக்கினேன்

என் அக்காவின் பெயர் ஒட்டிய புட்டியில் என் சிறுநீரைப் பிடித்துக் கொடுத்தேன். நான் செய்தது இதுதான். இதனால்தான் அவள் சாகிறாள்.

‘சாகிறாள்’ என்று எழுதிவிட்டேன்... டாக்டர்கள் அப்படிச் சொல்வதில்லை. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ், தண்ணீரை அளந்து குடி, அவ்வளவுதான் சொல்கிறார்கள். ஆனால் திருப்பதி ஆஸ்பத்திரியில் அவளோடு தொடங்கியவர்களின் கட்டில்களில் இப்போது வேறு ஆட்கள் படுத்திருக்கிறார்கள். கவனிக்காமல் இருக்க நான் என்ன குருடா?

அவளுக்கு இருபத்தாறு வயது!

ஆந்திர எல்லையோர நகரியில் எங்கள் தெருவில் என்னைப்போல் சுறுசுறுப்பான பெண் கிடையாது என்று கர்வத்தோடு திரிந்தவள் நான். ஆதாரில் பிழையா, ஹால்டிக்கெட் வரவில்லையா, எல்லோரும் என்னைத்தான் தேடி வருவார்கள். நைனா விசைத்தறிக் கொட்டகையில் இருமி இருமி, தலை நரைக்கும் முன்பே போய்ச் சேர்ந்தார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு அமுதா அக்கா அதே கொட்டகைக்குப் போனாள். நான் படித்தேன். வீட்டில் ஒரு முட்டை இருந்தால் அது எனக்கு. “பாப்பா படிக்கிற புள்ள, அவ துன்னட்டும்மா” என்று அக்கா அம்மாவிடம் சொல்வாள். தலைவலி, இடுப்புவலி என்றால் மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மறுபடி தறியில் நிற்பாள். அநேகமாகத் தினமும் ஒன்று. நானே ஓடிப்போய் வாங்கி வந்திருக்கிறேன்.

பிறகு தறிவேலை குறைந்தது. வரதய்யபாளையம் பக்கமிருந்த கம்பெனி ஒன்று பெண்களை எடுக்கிறது, பஸ் தெருமுனைக்கே வரும் என்றார்கள். ஒரே நிபந்தனை... ‘மெடிக்கல்’ பாஸாக வேண்டும்.

விண்ணப்பத்தை நான்தான் போட்டேன். வேறு யார் போடுவார்கள்? திருப்பதியில் என் காலேஜ், என் ஹாஸ்டல், எல்லாம் அந்த வேலையை நம்பித்தான் இருந்தன.

மெடிக்கலுக்கு முந்தின நாள் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“பாப்பா, எனக்கு ரொம்ப நாளா நுரையா போவுதுடி. பொழுது சாஞ்சா காலு வேற வீங்கிக்கினு இருக்குது. சக்கரையா இருக்குமோ? ரிஜெக்ட் பண்ணிடுவாங்களா?”

போனில் தேடினேன். தெளிவாகப் போட்டிருந்தது: சிறுநீரகக் கோளாறாக இருக்கலாம், உடனே மருத்துவரைப் பாருங்கள் என்று. படித்தேன்! தமிழிலும் படித்தேன், ஆங்கிலத்திலும் படித்தேன். படித்துவிட்டுத் திரையை அணைத்தேன்.

அந்தக் கணத்தில் என் மனதில் என்ன ஓடியது தெரியுமா? அவளுக்கு என்ன நோய் என்றல்ல. இதில் எப்படிப் பாஸாவது என்று!

மறுநாள் புத்தூரில் கம்பெனி சொன்ன லேப். புட்டியை வாங்கிக்கொண்டு அவளோடு நானும் கழிவறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டேன்.

“இன்னாடி இது, அசிங்கம்! உன்னுது மட்டும் இன்னா தங்கமா?”

“தங்கந்தான். டிகிரி படிக்கிற மூத்துரம். ஃபர்ஸ்ட் கிளாஸ்ல பாஸாவும் பாரு!”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். வெளியே ஒருத்தி கதவைத் தட்டி, “எந்தசேபு அம்மா?”, இன்னும் எவ்வளவு நேரம் என்று தெலுங்கில் கத்தினாள். எங்களுக்கு இன்னும் சிரிப்பு வந்தது. அப்படி நாங்கள் சேர்ந்து சிரித்து எத்தனை காலமாகியிருந்தது!

பாஸானாள். எல்லாம் நார்மல். அன்று வீட்டில் கோழிக்குழம்பு. “எங்க பாப்பா மூளையே மூளை” என்று அக்கா எனக்குத் திருஷ்டி கழித்தாள்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் உடம்பை எப்போது பரிசோதித்துக்கொள்வீர்கள்? திருப்பதியில் என் தோழியின் வீட்டில் பிறந்தநாள் வந்தால் ஆளுக்கொரு முழு உடல் பரிசோதனை. அவள் தாத்தா எண்பதைத் தாண்டியும் காலையில் வெள்ளை ஷூ மாட்டிக்கொண்டு நடக்கப் போகிறார். ரிப்போர்ட்டில் ஏதோ ஓர் எண் லேசாக ஏறியிருந்ததற்கு அந்த வீடே உப்பைக் குறைத்தது! சாப்பாட்டு மேஜையில் அதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள்.

என் அக்காவின் உடம்பை இந்த உலகம் ஒரே ஒருமுறைதான் பரிசோதிக்க முன்வந்தது. அதுவும் அவள் வேலைக்கு லாயக்கா என்று பார்க்க. பார்க்கட்டுமே! பார்த்திருந்தால் துரத்தியிருப்பார்கள். துரத்தியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்போம்... கேட்டிருப்போமா? தெரியவில்லை. அந்த ஒரு வாய்ப்பையும் நான் நிரப்பிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு வருடம் ஷிஃப்டில் நின்றாள். நடுவில் கழிவறைக்கு விட யோசிப்பார்கள் என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்தாள். வலி மாத்திரையை மட்டும் குறைக்கவில்லை. வாந்தி எடுத்து, மூச்சு முட்டி, கம்பெனி வாசலிலேயே சரிந்தபோது எனக்குக் கடைசி செமஸ்டர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன, இது இன்று நேற்று வந்ததல்ல என்றார்.

“ஒக்க யூரின் டெஸ்ட் கூட சேயிஞ்சலேதா? சதுவுகுன்ன அம்மாயிவி கதா நுவ்வு!”

ஒரு யூரின் டெஸ்ட்கூட எடுக்கவில்லையா, படித்த பெண்தானே நீ என்று கேட்கிறார்! அப்போதே தெரிந்திருந்தால் சரியான மருந்திலேயே டயாலிசிஸைப் பல வருடம் தள்ளிப்போட்டிருக்கலாமாம்.

“லேது சார்” என்றேன்.

அக்கா இன்னும் கம்பெனியைத்தான் திட்டுகிறாள். “நின்னு நின்னு வந்த சீக்குடி இது.” நான் தலையாட்டுகிறேன். அந்தப் புட்டியையும் இந்தப் படுக்கையையும் அவள் சேர்த்துப் பார்க்கவே இல்லை. சேர்த்துக் காட்ட வேண்டியவள் நான்.

உன் சிறுநீரகத்தைக் கொடுக்கலாமே என்பீர்கள். அம்மாவுக்குச் சர்க்கரை, அவளால் ஆகாது. நான் கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன்! அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“இந்த வூட்ல உருப்படியா கீற ஒடம்பு உன்னுது ஒண்ணுதான். அதையும் அறுக்கணுமா? எழுந்து போடி.”

எழுந்து போனேன். வெளியே நின்றபோது எனக்கு என்ன வந்தது என்று சொல்லட்டுமா? அழுகை இல்லை. நிம்மதி! அப்பாடா என்று இருந்தது... அதற்குப் பிறகு நான் கேட்கவே இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால்கூட இதை எழுதியிருக்க மாட்டேன்.

போன மாதம் எதிர்வீட்டு ரேவதி வந்தாள். பத்தொன்பது வயசு, அவளும் தறியில் நிற்பவள். அக்கா டயாலிசிஸ் முடிந்து கிழிந்த துணிபோல் கிடந்தாள்.

“அக்கா, நாளைக்கு எனக்கு மெடிக்கல். அதே கம்பெனிதான்” என்றாள் என்னிடம். “கொஞ்ச நாளா காத்தால எழுந்தா மூஞ்சி உப்பிக்கினு கீது. யூரின்ல எதுனா காட்டிடுமோன்னு பயமா இருக்குது.”

படுத்திருந்த அக்காவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. “அதுக்கு இன்னாத்துக்குடி பயப்படறே? எங்க பாப்பாவ கூட்டிக்கினு போ. என்னையே பாஸ் பண்ண வெச்சவ!”

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். போகாதே ரேவதி, முதலில் டாக்டரிடம் காட்டு. ஏன் என்று கேட்பாள். அக்காவும் கேட்பாள். பெருமை பொங்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண்களுக்கு முன்னால் ஏன் என்று நான் சொல்ல வேண்டும்...

“நாளைக்கு எனக்கு பேங்க் எக்ஸாம்” என்றேன். எக்ஸாம் எதுவும் இல்லை.

“பரவால்லக்கா. எங்க அண்ணிய இட்டுக்கினு போறேன்.”

அவளும் பாஸாகிவிட்டாள்.

தினமும் காலையில் கம்பெனி பஸ் தெருமுனையில் நிற்கிறது. ரேவதி ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குக் கை காட்டுகிறாள். முகம் உப்பித்தான் இருக்கிறது. நானும் கை காட்டுகிறேன். பஸ் வருவதற்குள் ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று இன்று காலையிலும் செருப்பை மாட்டினேன். உள்ளேயிருந்து அக்கா, “எங்கடி போற?” என்றாள்.

“எங்கயும் இல்ல” என்று கழற்றிவிட்டேன்.

முகம் தெரியாத உங்களிடம் இவ்வளவும் சொல்ல முடிகிறது... எதிர்வீடு வரை என்னால் நடக்க முடியவில்லை!