காலிப் பெட்டியோடு எல்லை தாண்டியவள்

மிர்த்தா, அர்ஜென்டினா எல்லை மலைக்கு மேற்கே அடிவாரத்தில் இருக்கும் லோஸ் ஆந்தெஸ் ஊரில் பள்ளி வேன் ஓட்டுகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேனுக்குப் பின்னால் ஒன்பது மீட்டர் நீளப் பெட்டி வண்டி ஒன்று இழுபட்டு வரும். புருஷன் எலியாசரின் கிளைடர், எஞ்சினே இல்லாத அந்தக் குட்டி விமானம், எங்காவது தரையிறங்கினால் இறக்கைகளைக் கழற்றி அள்ளிக்கொண்டு வர அந்தப் பெட்டி. இருபத்திரண்டு வருஷமாக இதுதான் அவள் ஞாயிறு. கிளைடரோ ஒற்றை ஆசனம். அவள் அதில் ஒருநாளும் பறந்ததில்லை. அப்படி ஒரு குடும்ப வாகனம்!

அன்று மதியம் ஒரு மணிக்கு ரேடியோவில் அவன் குரல் வந்தது.

"கிழவி, மேக்காத்து தள்ளுது. திரும்ப முடியல. மலைக்கு அந்தப் பக்கம் எறங்கப் போறேன். பெட்டியக் கொண்டு வா."

"அந்தப் பக்கம்னா எங்க? எலியாசர்?"

ரேடியோ கரகரத்தது. மலை குறுக்கே வந்துவிட்டால் ரேடியோ செத்துவிடும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன? மலைக்குப் பின்புறம் காற்று கிளைடரைக் கீழே பிடித்து அழுத்தும் என்பதும் தெரியுமே.

ஆறு மணிக்குப் பனி கொட்டும், மலைக் கணவாயை மூடிவிடுவார்கள் என்று வழியில் சொன்னார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் லாரிகளின் பின்னால் ஊர்ந்தாள். போனை எத்தனை முறை அடித்தாலும் அவன் எடுக்கவில்லை. சுரங்கப்பாதை தாண்டி அர்ஜென்டினா எல்லைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றபோது மணி நாலரை.

"பெட்டியில என்னம்மா?" என்றார் அதிகாரி.

"ஒண்ணுமில்ல. காலி."

"காலிப் பெட்டிய இழுத்துக்கிட்டா மலையேறி வந்தீங்க?"

"திரும்பும்போது கிளைடர் இருக்கும்."

அவர் படிவத்தை நீட்டினார். திரும்பும்போது எத்தனை பேர் என்று ஒரு கட்டம். மிர்த்தாவின் பேனா அங்கே நின்றுவிட்டது. பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். அவள் இரண்டு என்று எழுதினாள்.

"இன்னொருத்தர் யாரு?"

"என் புருஷன். மத்தியானமே வந்துட்டார். மேல வழியா."

"இங்க முத்திரை குத்தலையே. சட்டப்படி அவர் வரவே இல்லம்மா."

"சட்டப்படி வராட்டிப் போகுது சார். உசுரோட வந்தாரான்னு கேட்டுச் சொல்லுங்க!"

அவள் முகத்தைப் பார்த்த அதிகாரி வேறு பேச்சில்லாமல் போனை எடுத்தார். மலைக்கு இந்தப் பக்கத்து ஊரான உஸ்பல்யாத்தாவின் காவல் நிலையத்தில் யாரோ எடுத்தார்கள். "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்ட அதிகாரி, போனை அவளிடம் நீட்டினார்.

"கிழவி! எறக்கையில ஒரு கீறல்கூட இல்ல!"

"உனக்கு?"

"எனக்கென்ன? போலீஸ்காரங்க கூட்டிட்டு வந்து கறி வெச்ச எம்பனாதா குடுத்தாங்க, தின்னுட்டிருக்கேன்."

மிர்த்தா மேசையில் தலையைக் கவிழ்த்து விம்மி விம்மி அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு போனில் சொன்னாள்:

"கீறல் இல்லையா? இரு, நான் வந்து போடறேன்."

அதிகாரி அவள் படிவத்தில் முத்திரையைக் குத்தினார்.