கையெழுத்துப் போடாத கடிதம்

நாங்கள் உடையார்கட்டில் வயற்காணி கிடைத்துக் குடியேறிய நான்காம் வருடம், மாரி வெள்ளத்தில் பாதை உடைந்தது. யாழ்ப்பாணத்திலிருந்த சின்னம்மா தான் படித்து முடித்த வார இதழ்களைக் கட்டி பஸ்ஸில் அனுப்புவது அதோடு நின்றது. பாதை திருத்திய பிறகும் பொதி வரவில்லை. அதில் வந்த தொடர்கதையின் நாயகியோ ஒரு காலை வேலிப் படலைக்கு வெளியே வைத்தபடி நின்றாள். அவளை அப்படியே நிற்கவிட எனக்கு மனம் வரவில்லை. கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் மிச்சத்தை நானே எழுதத் தொடங்கினேன். எனக்குப் பதினொரு வயது.

நான் எதையும் முடித்ததில்லை. எங்காவது சிக்கிக்கொண்டால் திரும்ப முதலிலிருந்து வேறு மாதிரி எழுதுவேன். பத்தொன்பது வயது அக்கா ஒருத்திதான் என் வாசகி. எனக்கு எழுத்துப் பழக்கியவளும் அவளே. எங்கள் இருவர் எழுத்தும் ஒன்றுபோல இருக்கும்.

ஒருநாள் அவள் கேட்டாள்: "வீட்டை விட்டு வெளிக்கிடேக்கை அவள் தாய் தேப்பனுக்கு ஒண்டும் எழுதி வைக்கேல்லையே? எழுது பாப்பம்."

தனித்தாளில் எழுதினேன். 'ஐயா, என்னைத் தேட வேண்டாம். நான் பஸ் ஏறியிருப்பேன். என்னை மண்ணியுங்கோ.' நாயகியின் பெயரைப் போடுமுன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். அக்கா படித்துவிட்டுத் தருவதாகத் தாளை வாங்கிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அம்மா வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதார். சீனிப் பேணிக்குக் கீழே கடிதம் கிடந்ததாம். தையல் வகுப்புக்கு என்று போன அக்கா அங்கே இல்லையாம். ஐயா சைக்கிளில் பஸ் நிற்கும் சந்திக்குப் போயிருந்தார்.

அம்மாவின் மடியில் கிடந்த தாளை எட்டிப் பார்த்தேன். என் கடிதம்.

ஐயா சைக்கிளை உருட்டியபடி வந்தார். பின்னால் அக்கா, தையல் பையோடு. கதவைச் சாத்தினார்.

"ஆரடி அவன்?"

அக்கா தையல் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஐயா கையை ஓங்கினார்.

"ஐயா, அது நான் எழுதினது! கதைக்கு!"

"கொக்காவைக் காப்பாத்தப் பொய் சொல்லாதை."

"உண்மையா, ஐயா."

அவர் பென்சிலை என் கையில் திணித்தார். "அப்ப எழுது பாப்பம்."

கடிதத்தைப் பார்க்காமலே ஒரு சொல் விடாமல் எழுதினேன். ஐயா இரண்டு தாள்களையும் யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டிலும் 'மண்ணியுங்கோ' என்றே இருந்தது. அக்கா ஒருபோதும் விடாத பிழை. அவர் கதிரையில் பொத்தென்று இருந்தார்.

"அப்ப நீ ஏன் சந்தியிலை நிண்டனி?"

"சின்னம்மான்ரை பொதி வந்ததோ எண்டு பாக்கப் போனனான்," என்றாள் அக்கா.

ஐயா நம்பினார். நம்ப விரும்பினார் என்று இப்போது தோன்றுகிறது. கோபம் முழுவதும் என் கொப்பியில் இறங்கியது. கிழித்து அடுப்பில் போட்டார். பிறகு குரல் தணிந்து, "பிள்ளை, தண்ணியைக் குடி," என்று அக்காவுக்குச் செம்பை நீட்டினார்.

நான் அக்காவின் பின்னால் அறைக்குப் போனேன். தையல் பைக்குள்ளிருந்து இரண்டு சேலைகளை எடுத்து அவள் பெட்டியில் வைத்தாள். மூடியை நான் பிடித்துக்கொண்டேன். அவள் கண்ணீர் சேலை மேல் சொட்டியது. என் கதை எரிந்துபோன துக்கம் அவளுக்கு இவ்வளவா என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது.

"அழாதை அக்கா," என்றேன். "நான் திரும்ப எழுதித் தாறன்."